பவரித் தெருவின் பாட்டுக் கொட்டகை

நம் ஊர்ப் பாசார் மாலாமில் கறுப்புப் பனியன் விற்கும் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில பனியன்களில் வட்டமாக ஒரு கழுகு முத்திரையும் அதைச் சுற்றி நான்கு பெயர்களும் இருக்கும். சிலவற்றில் சி.பி.ஜி.பி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் கொட்டை எழுத்தில் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் ஆசையாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். "இது என்னப்பா எழுத்து?" என்று கேட்டால், "தெரியல சார், டிசைன் நல்லாருக்கு" என்பதுதான் பதில். குற்றம் சொல்வதற்கில்லை. விற்கிறவருக்கே தெரியாது.

அந்த நான்கு எழுத்தும் ஒரு மதுக்கூடத்தின் பெயர். கழுகு முத்திரைக்கு உரியவர்கள் அந்தக் கூடத்தின் மேடையில் வளர்ந்த நான்கு இளைஞர்கள். நியூயார்க் நகரில் பவரி என்னும் தெருவில், 315ஆம் எண் கட்டடத்தில், 1973 முதல் 2006 வரை அந்தக் கூடம் நடந்தது. பங்க் என்று சொல்லப்படும் முரட்டு இசை அமெரிக்காவில் தவழ்ந்து நடைபழகிய இடம் அது. 2018ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில், நியூ ஜெர்சியில் வேலை செய்யும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நாளை ஒதுக்கி அந்தத் தெருவைப் பார்த்து வந்தேன். சுதந்திர தேவி சிலையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இந்தத் தெருவைப் பற்றி எழுதுகிறேன்.

பவரி என்ற பெயரே நமக்கு நெருக்கமானதுதான். நியூயார்க்கை முதலில் ஆண்ட ஐரோப்பியர்கள் டச்சுக்காரர்கள். மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து 1641ல் கைப்பற்றினார்களே, அதே டச்சுக்காரர்கள்தான். இங்கே அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே மேற்கிந்தியக் கம்பெனி. அவர்கள் மொழியில் 'பவ்வரை' என்றால் பண்ணை. ஊரிலிருந்து பண்ணைகளுக்குப் போகும் பாதைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசி டச்சு ஆளுநரான பீட்டர் ஸ்டைவெசன்ட்டின் சொந்தப் பண்ணையும் அந்த வழியில்தான் இருந்தது. நம் பேச்சில் சொன்னால், அது 'தோட்டத்து ரோடு'.

அந்த ரோட்டின் ஓரத்தில் 1640களில், கம்பெனியின் அடிமைகளாக உழைத்த கறுப்பினத்தார் சிலருக்குத் துண்டு நிலங்கள் கொடுக்கப்பட்டன. விடுதலை என்றார்கள், ஆனால் பாதி விடுதலை. ஆண்டுதோறும் விளைச்சலில் ஒரு பங்கைக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் அடிமைகளாகவே இருப்பார்கள் என்றும் பத்திரத்தில் எழுதியிருந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், நகரம் வளர்ந்தது, பண்ணைகள் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவரியில் நாடகக் கொட்டகைகளும் கேளிக்கைக் கூடங்களும் நிறைந்திருந்தன. 1878ல் தெருவுக்கு மேலே இரும்புத் தூண் நிறுத்தி ரயில் ஓட விட்டார்கள். தலைக்கு மேல் தண்டவாளம் வந்தபின் கீழே வெளிச்சம் ஏது? புகையும் சத்தமும் கரியும்தான். வசதி உள்ளவர்கள் விலகிப் போனார்கள். வேலை இழந்தவர்களும் குடும்பம் இழந்தவர்களும் குடியில் விழுந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று மலிவு விடுதிகள் முளைத்தன. விடுதி என்றால் அறை என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் படுக்கும் அளவுக்குப் பலகையால் தடுத்து, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்த தடுப்புகள் பலவற்றில் இருந்தன. பக்கத்துத் தடுப்புக்காரன் ஏறிக் குதித்துத் திருடாமல் இருப்பதற்காக அந்த வலை. நம் பழைய லயத்து வீடுகளில் ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். அங்கே நிலைமை அதைவிட மோசம்.

1955ல் ரயில் பாலத்தைப் பிரித்தார்கள். வெளிச்சம் வந்தது, ஆனால் தெருவின் பெயர் கெட்டது கெட்டதுதான். பவரி என்று சொன்னாலே குடிகாரர்கள் விழுந்து கிடக்கும் இடம் என்று அமெரிக்கா முழுவதும் பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தெருவில் கடை எடுத்தவர் ஹில்லி கிரிஸ்டல். 1931ல் பிறந்தவர். யூதக் குடும்பம். நியூ ஜெர்சியில் ஹைட்ஸ்டவுன் என்ற ஊரருகே பண்ணையில் வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் வயலின் கற்றார். அமெரிக்கக் கடற்படைத் துருப்பில் இருந்தார். பிறகு ரேடியோ சிட்டி என்னும் புகழ்பெற்ற அரங்கின் ஆண்கள் பாடற்குழுவில் பாடினார். வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் இசைக்கூடத்தை நிர்வகித்தார். ஆகவே இசை தெரிந்த மனிதர். கையில் பெரிய முதல் இல்லாத மனிதரும்கூட. வாடகை எங்கே குறைவோ அங்கேதானே போக முடியும்? பவரி 315ல், பேலஸ் ஹோட்டல் என்ற மலிவு விடுதி இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை போட்டார். 'பேலஸ்' என்றால் அரண்மனை. பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

அங்கே முதலில் ஒரு சாதாரண மதுக்கடைதான் நடந்தது. 1973 டிசம்பரில் பெயரை மாற்றினார். 'கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ்' என்ற மூன்று இசைவகைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் சி.பி.ஜி.பி. வரும். அதன் கீழே 'ஓம்ஃபக்' என்று இன்னொரு சுருக்கெழுத்து. அதை விரித்தால், 'இசைச் சாப்பாட்டு ராமன்களைக் கரையேற்றும் இதர இசைகள்' என்று ஏறக்குறைய பொருள் வரும். வேடிக்கையான ஆள்.

இந்த மூன்றில் புளூஸ் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது தோட்டத்து இசை. அமெரிக்காவின் தெற்கே மிஸ்ஸிஸிப்பி போன்ற மாநிலங்களில் பஞ்சுத் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்கள், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தபின்னும் கடனிலும் குத்தகையிலும் கட்டுண்டு கிடந்த காலத்தில், வேலைப் பாட்டிலிருந்தும் வயலில் ஒருவரையொருவர் கூவியழைக்கும் குரலிலிருந்தும் உருவாக்கியது. பால்மரக் காட்டில் நம் பாட்டிமார் பாடிய பாட்டுகளை எழுதி வைக்காமல் பாதிக்குமேல் தொலைத்துவிட்டோம். அவர்கள் பாட்டோ இசைத்தட்டில் ஏறி உலகம் சுற்றியது. புளூஸிலிருந்து ராக் பிறந்தது. ராக்கிலிருந்து பங்க் கிளைத்தது. பனியனில் இருக்கும் அந்தக் கழுகுக்கும் பஞ்சுத் தோட்டத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

கிரிஸ்டல் நாட்டுப்புற இசையைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வந்ததோ வேறு. கடையின் முகப்புக்கு அவர் கித்தான் பந்தல் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வழியே வந்த இரண்டு இளைஞர்கள், "இங்கே என்ன இசை வாசிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்களாம். அவர் பெயரை விளக்கினாராம். "எங்களுக்கும் அது கொஞ்சம் வரும்" என்று சொல்லிவிட்டார்களாம். பல விதமாகச் சொல்லப்படும் கதை இது. ஆனால் அந்த இளைஞர்களின் குழு, 'டெலிவிஷன்' என்று பெயர், 1974 மார்ச் 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசித்தது உண்மை. நாட்டுப்புற இசை ஒரு துளியும் அவர்களிடம் இல்லை. கிரிஸ்டலுக்குக் காது வலித்தது. பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். அப்படியும் மறுபடி வாசிக்க இடம் கொடுத்தார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு மதிப்பு வருவது இங்கேதான். பிடித்ததற்கு இடம் கொடுப்பது பெரிய காரியமா?

ஏற்பாடு எளிமையானது. வாசலில் வசூலாகும் நுழைவுப் பணம் குழுவுக்கு. உள்ளே விற்கும் பியர்ப் பணம் கடைக்கு. விதிகள் இரண்டே. உங்கள் சாமான்களை நீங்களே தூக்கி வந்து நீங்களே தூக்கிப் போக வேண்டும். பாடுவது உங்கள் சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். பிறர் பாட்டைப் பார்த்துப் பாடும் குழுவுக்கு இடமில்லை.

இந்த இரண்டாவது விதிக்குப் பின்னால் பெரிய கொள்கை இருந்ததாக எண்ண வேண்டாம். பிறர் பாட்டைப் பொது இடத்தில் பாடினால் பாட்டாசிரியர்களின் சங்கத்துக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்துவதும் அவருக்கு ஒரு காரணம். ஆனால் சிக்கனத்துக்காகப் போட்ட விதி எப்படிப்பட்ட வேலை செய்தது, பாருங்கள். அக்காலத்து மற்ற மதுக்கூடங்கள், வானொலியில் வெற்றி பெற்ற பாட்டை அச்சாக வாசிக்கும் குழுக்களையே தேடின. சொந்தப் பாட்டு வைத்திருந்த பையன்களுக்கு ஊரில் போக்கிடம் இல்லை. பவரியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் அத்தனை பேரும் அங்கே வந்து மோதினார்கள்.

நம் தோட்டங்களில் திருமணத்துக்கும் தீபாவளிக் கலையிரவுக்கும் வாசிக்கும் குழுக்களை எண்ணிக்கொண்டேன். டி.எம்.எஸ். குரலில் அப்படியே பாடுகிறவருக்குத்தான் கைதட்டல். நானும் கைதட்டியவன்தான், அந்த உழைப்பு லேசானதல்ல. இப்போது நம் நாட்டிலும் இளைஞர்கள் சொந்தமாகத் தமிழ்ப் பாடல்கள் எழுதி வெளியிடுகிறார்கள். ஆனாலும் கலையிரவு மேடையில் ஒரு பையன் "இது என் பாட்டு" என்று தொடங்கினால், பின்வரிசையிலிருந்து "சினிமாப் பாட்டு பாடு தம்பி!" என்று குரல் வராமல் இருக்கிறதா?

1974 ஆகஸ்ட் 16ஆம் தேதி அந்த மேடையில் ஏறினார்கள் ரமோன்ஸ். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்துப் பையன்கள் நால்வர். சகோதரர்கள் இல்லை. ஆனாலும் ஜோயி, ஜானி, டீ டீ, டாமி நால்வரும் ரமோன் என்பதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அவர்களில் டாமி ஹங்கேரியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். தோல்சட்டை, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், கண்ணை மறைக்கும் முடி. பாட்டுக்கு இரண்டு நிமிடம், சில சமயம் அதுவும் இல்லை. ஒன்று முடிந்த கையோடு "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று அடுத்தது. அடுத்து எந்தப் பாட்டு என்று மேடையிலேயே சண்டையும் போட்டுக்கொள்வார்கள். முதல் நாள் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இவர்களை யாருக்கும் பிடிக்கப் போவதில்லை என்று கிரிஸ்டல் நினைத்தார். நினைத்தும் மறுபடி வரச் சொன்னார்.

என் காதுக்கு அந்த இசை எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கர்நாடக சங்கீதமும் பழைய திரைப்பாடலும் கேட்டு வளர்ந்த காது இது. முதலில் ஆலை இயந்திரம் ஓடுகிற மாதிரி இருந்தது. நாலைந்து தடவை கேட்டபின், அந்த இரைச்சலுக்குள் ஓர் இனிய மெட்டு, சிறுபிள்ளைப் பாட்டு மாதிரி, ஒளிந்திருப்பது தெரிந்தது. அதற்குமேல் நான் புகழ்ந்தால் பொய்யாகும்.

1975ஆம் ஆண்டு நியூயார்க் நகராட்சியே கடனில் மூழ்கிக் கை விரிக்கும் நிலைக்கு வந்தது. பல்லாயிரம் நகராட்சி ஊழியர்களுக்கு வேலை போயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருவெல்லாம் குப்பை மலை. உதவி கேட்டபோது அதிபர் ஃபோர்டு முதலில் மறுத்துவிட்டார். பணம் உள்ளவர்கள் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். ஆனால் யாரும் வேண்டாம் என்று விட்டுப் போன அந்தப் பகுதியில்தான், கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு மலிவாக அறை கிடைத்தது. சத்தம் போட்டால் புகார் சொல்ல அண்டை வீட்டுக்காரர் இல்லை. கூடத்தின் மேல்மாடியில் படுத்திருந்தவர்கள் புகார் சொன்னாலும் கேட்க ஆளில்லை. இதையும் நாம் மறக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் அங்கே வளர்ந்தவர்களில் பேட்டி ஸ்மித்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். கவிதை எழுதுவார். பவரிக்கு அருகே உள்ள செயின்ட் மார்க் தேவாலயத்தில் 1971ல் கித்தார் துணையோடு கவிதை வாசித்தார். அந்தத் தேவாலய வளாகத்தில்தான் ஆளுநர் ஸ்டைவெசன்ட் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1974ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதும் அந்தத் தொழிற்சாலை வேலையைப் பற்றியது. கூலி வேலையின் அலுப்பையும் அங்கிருந்து தப்பிக்கும் வெறியையும் பாடியிருக்கிறார். 1975ன் தொடக்கத்தில் டெலிவிஷன் குழுவோடு சேர்ந்து பல வாரங்கள் தொடர்ந்து சி.பி.ஜி.பி.யில் பாடினார். அதன் பிறகுதான் பத்திரிகைக்காரர்களும் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு பவரிக்கு வந்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ரமோன்ஸுக்கு முன்பாக வாசித்த குழு 'டாக்கிங் ஹெட்ஸ்'. ஓவியக் கல்லூரியில் சந்தித்த மூன்று பேர். கித்தாரின் அடிக்கட்டை நாதத்தை வாசித்தது டீனா வேமவுத் என்ற பெண். 'புளோண்டி' குழுவின் டெபி ஹாரியும் இந்த மேடையில் பாடியவர்தான். அக்குழுவின் ஒரு பாட்டு 1979ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1975 ஜூலையில், இசைத்தட்டு வெளியிடாத குழுக்களுக்கென்றே கிரிஸ்டல் ஒரு விழா நடத்தினார்.

இவ்வளவுக்கும் அப்போது இந்த இசைக்கு நிலையான பெயர் இல்லை. 1976 ஜனவரியில் சில இளைஞர்கள் 'பங்க்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள், பெயர் நிலைத்துவிட்டது. பங்க் என்றால் உருப்படாதவன், நம் பேச்சில் காவாலிப் பயல். ஊரார் திட்டும் சொல்லையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். ரமோன்ஸின் முதல் இசைத்தட்டு 1976 ஏப்ரலில் வந்தது. 14 பாட்டுகள், அரை மணி நேரம்கூட இல்லை. பதிவுக்கு ஆன செலவு ஏறக்குறைய 6,400 டாலர். அந்த ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கா தன் 200ஆவது சுதந்திர நாளைக் கொண்டாடிய அன்று, அவர்கள் லண்டனில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் பங்க் காட்டுத்தீயாகப் பிடித்தது. அது தனிக் கதை.

அந்தக் கூடத்தைக் கோயிலாக்கிப் பேசுகிறவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீளமான, அகலம் குறைந்த, இருட்டுப் பொந்து. கிரிஸ்டலின் நாய் உள்ளே தன்னிஷ்டத்துக்குத் திரியும். அது செய்து வைப்பதைப் பார்த்து மிதிக்க வேண்டும். கழிப்பறையின் அசுத்தம் உலகப் புகழ் பெற்றது. 2013ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளைப் பற்றிய கண்காட்சி வைத்தபோது, அந்தக் கழிப்பறையையே மாதிரி செய்து காட்சிக்கு வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கு ஒருபுறம் இருக்கட்டும். போதைப்பொருள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேரைத் தின்றது. டீ டீ ரமோன் 2002ல் அதனால்தான் மாண்டார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைப் படிக்கிறீர்கள். மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒன்றில் மட்டும் கிரிஸ்டல் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஒலிபெருக்கி ஏற்பாட்டுக்கு நிறையச் செலவழித்தார். சுவர் இடிந்து விழுகிற மாதிரி இருக்கும். ஒலி மட்டும் துல்லியமாக இருக்கும் என்று அங்கே வாசித்தவர்கள் சொல்வார்கள். பாடற்குழுவில் நின்று பாடிய மனிதரல்லவா?

எண்பதுகளில் புதுத் தலைமுறை வந்தது. இன்னும் வேகம், இன்னும் முரடு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், மது குடிக்கும் வயது வராத பிள்ளைகளும் வரக்கூடிய காட்சிகளை நடத்தினார். அடிதடி மிகுந்ததால் பத்தாண்டு முடியும் தறுவாயில் அவற்றை நிறுத்த வேண்டியதாயிற்று. புகழ் பெற்றவர்கள் பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டார்கள். பின்னாளில், பியர் விற்றதைவிடப் பனியன் விற்றதில்தான் கூடத்துக்கு வருமானம் அதிகம் என்ற நிலை வந்தது.

இதற்கிடையே தெரு மாறிக்கொண்டிருந்தது. மலிவு விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. பங்கின் புகழும் அந்தப் பகுதியின் விலையை ஏற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். அழுக்குத் தெருவுக்கு ஒரு கவர்ச்சியை அந்தப் பிள்ளைகள் உண்டாக்கினார்கள். கவர்ச்சிக்கு விலை போட்டவர்கள் வேறு ஆட்கள்.

2005ல் வாடகைத் தகராறு வெடித்தது. வாடகைக்கு விட்டிருந்தது பேராசைக்கார முதலாளி அல்ல. பவரியின் வீடற்ற ஏழைகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பு. கூடத்தின் மேல்மாடியில் வீடற்றோர் தங்குமிடம் நடத்தி வந்தது. வாடகை பாக்கி பல்லாயிரம் டாலர் என்றது அமைப்பு. ஏற்றிய வாடகையை முறையாகத் தெரிவிக்கவே இல்லை என்றார் கிரிஸ்டல். நீதிமன்றம் பாக்கி விஷயத்தில் அவர் பக்கம் பேசியது. ஆனால் அந்த ஆகஸ்டோடு குத்தகைக் காலம் முடிந்தது. புதுப்பிக்க அமைப்பு சம்மதிக்கவில்லை. இடத்தை உரிய விலைக்கு விட்டால் அந்தப் பணம் ஏழைகளுக்குத்தானே என்பது அவர்கள் வாதம். யார் பக்கம் நியாயம்? அந்தத் தெருவில் நின்று எவ்வளவோ யோசித்தும் எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

தோட்டம் கைமாறுவதையும், லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருவதையும் அறிந்தவர்கள் நாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. மேடை, தகரக் கூரை, இரண்டு விளக்கு. நாடகம், கூட்டம், கேரம் ஆட்டம், பையன்களின் இசைப்பயிற்சி எல்லாம் அங்கேதான். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது குடும்பங்களுக்கு இழப்பீடு பேசினார்கள். கோயிலுக்கு இடம் பேசினார்கள். கொட்டகையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது யாருடைய வீடும் அல்லவே!

சி.பி.ஜி.பி.யின் கடைசி இரவு 2006 அக்டோபர் 15. பாடியவர் பேட்டி ஸ்மித். அப்போது அவருக்கு வயது 59. டெலிவிஷன் குழுவில் அன்று கித்தார் வாசித்த ரிச்சர்ட் லாய்டும் மேடையேறினார். கடைசிப் பாட்டின் முடிவில், அந்தக் காலத்து இசைக்காரர்களில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஜோயி, ஜானி, டீ டீ மூவரும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். டாமியும் 2014ல் மறைந்தார். பனியனில் இருக்கும் நான்கு பெயருக்கும் உரியவர்கள் இப்போது இல்லை.

கிரிஸ்டல் உள்ளே இருந்தவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டார். கழிப்பறைச் சாமான்கள் உட்பட. வேறு நகரத்தில் மறுபடி தொடங்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. நடக்கவில்லை. 2007 ஆகஸ்ட் 28ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார், வயது 75.

நான் போன நாள் குளிர் எலும்பைத் துளைத்தது. தெருவில் உணவகங்களுக்கான பெரிய அடுப்பு, பாத்திரம் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. 2007ல் திறந்த புதிய கலைக் காட்சிக்கூடம் வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது போல நின்றது. அதற்கு மிக அருகிலேயே 1879ல் தொடங்கிய பவரி மிஷன் என்னும் கிறிஸ்துவத் தொண்டகம். வாசலில் சாப்பாட்டுக்குச் சிலர் காத்திருந்தார்கள். அந்தத் தெருவில் மாறாமல் இருந்தது அந்த வரிசை ஒன்றுதான் என்று தோன்றியது.

315ஆம் எண்ணில் ஜான் வார்வேடோஸ் என்ற ஆடை வடிவமைப்பாளரின் கடை இருந்தது. 2008ல் அங்கே வந்த கடை. தோல்சட்டைகளும் பாதணிகளும் அழகாக அடுக்கியிருந்தார்கள். பழைய சுவரின் ஒரு பகுதியை, கிழிந்த விளம்பரத் தாள்களும் ஒட்டுச்சீட்டுகளும் கிறுக்கல்களுமாக, அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒரு தோல்சட்டையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். டாலரை வெள்ளியாக்கிக் கணக்குப் போட்டுவிட்டு மெதுவாகத் திருப்பி விட்டேன். கடைப்பையன் சிரித்தான், மரியாதையான பிள்ளை. "சுவரைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள்" என்றான்.

அங்கே போக நினைக்கிறவர்கள் எஃப் தட ரயிலில் ஏறி, செகண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். அப்படியே வடக்கே சில அடி நடந்து, கிழக்கு இரண்டாம் தெரு முனையைப் பாருங்கள். 2003ல் அந்த முனைக்கு 'ஜோயி ரமோன் இடம்' என்று நகராட்சி பெயர்ப்பலகை வைத்தது. ரசிகர்கள் அதை மறுபடி மறுபடி திருடிக்கொண்டு போனார்கள். வைத்து வைத்துப் பார்த்து அலுத்துப்போய், 2010ல் பலகையை ஏறக்குறைய 20 அடி உயரத்தில் மாட்டிவிட்டார்கள். ஜோயி ஆறரை அடி உயரமுள்ள மனிதர். அவரே வந்து கையை நீட்டினாலும் எட்டாது.